வண்ணம் வார்க்கும் கலை



தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வந்து வாழும் நம்மவர்களுள் பலர் வாசல் இல்லாத வீடுகளில் குடியிருக்கிறோம். வீட்டுக்குக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மாடிப்படி உண்டு. நீர் தெளித்துக் கோலம் இடத்தக்க வாசல் மட்டும் இல்லை. டில்லியில் மூன்றாவது மாடியில் இருக்கும் என் வீடும் அத்தகையதே. கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் ஐம்பது ஆண்டுகள் கோலமிட்ட என் தாயார் எங்களுடன் வசிக்க வந்தபோது, அவருக்கு இங்கே பெருங்குறையாகப் பட்டது இது ஒன்றுதான். பூஜை மாடத்தின் முன்னே இரண்டடிச் சதுரத்தில் மாக்கோலம் இட்டு அக்குறையை ஒருவாறு தீர்த்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அவருக்குக் கை நடுக்கம் கண்டது. இழை நேராக ஓடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பாதிக் கோலத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்தவர், அதன்பின் மாவுக் கிண்ணத்தைத் தொடவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோலம் அன்று. தூரிகையைத் தொடாமல், கோடு எதுவும் கிழிக்காமல், வண்ணங்களைப் பலகையின்மீது வார்த்து ஓவியம் செய்யும் ஒரு கலையைப் பற்றிச் சொல்ல வந்தேன். என் தாயாரின் செய்தி இதற்குள் எப்படி நுழைந்தது என்பது போகப் போக விளங்கும்.

தோசை வார்க்கிறோம், வெண்கலம் வார்க்கிறோம். வார்த்தல் என்றால் ஊற்றுதல் மட்டுமன்று. ஊற்றுவதற்கு முன்னே பதம் பார்த்தல், ஊற்றிய பின் பரவவிடுதல் ஆகிய இரண்டும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. இக்கலையின் சாரமும் அவ்விரண்டே. நீர்த்த அக்ரிலிக் மைகளை ஒரு தெளிந்த கூழில் கலந்து, மட்டமாக வைத்த பலகையில் வார்த்து, பலகையை மெல்லச் சாய்த்து ஓடவிட்டால், அவை ஒன்றோடொன்று பின்னியும் விலகியும் உருவங்கள் கொள்கின்றன. அவ்வுருவங்கள் மரத்தையோ மாட்டையோ குறிப்பன அல்ல. வண்ணமும் அதன் ஓட்டமுமே ஓவியமாக நிற்கின்றன.

"கை தவறிக் கொட்டிய மையைச் சட்டம் போட்டு மாட்டுவதா கலை?" என்று சிலர் நகைப்பர். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்க்கும் தொழில் என்னுடையது. ஒரு சொல் இடம் மாறினாலும் பொருள் மாறிப் பொறுப்பு நம் தலைமேல் விழும். அத்தகைய தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவனுக்குத் தற்செயல் என்ற சொல்லே கசப்பாக இருப்பது இயல்பு. ஆனால் இக்கலையின் வரலாற்றையும், அதற்கு அடியில் உள்ள பௌதிக நியதியையும் அறிந்த பிறகு என் நகைப்பு நின்றது.

வண்ணத்தை வார்த்து ஓவியம் செய்யும் முறையைத் திட்டமிட்டு ஆராய்ந்தவர்களுள் முன்னோடியாக நிற்பவர் மெக்சிகோ நாட்டுச் சுவரோவியரான டேவிட் அல்ஃபாரோ சிக்கேய்ரோஸ். 1936இல் அவர் நியூயார்க் நகரில் ஒரு சோதனைப் பட்டறையை அமைத்தார். மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் வகையான நைட்ரோசெல்லுலோஸ் வண்ணங்களை மரப்பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிப் பார்த்தார். மேலே ஊற்றிய வண்ணம் கீழிருந்த வண்ணத்தைத் துளைத்துச் சுழித்து, எந்தக் கையும் வரைய இயலாத வடிவங்களை உண்டாக்கிற்று. அம்முறைக்குத் தற்செயல் ஓவியம் என்ற பொருள்படப் பெயரிட்டார். அதே ஆண்டில் அவர் செய்த 'கூட்டுத் தற்கொலை' என்னும் ஓவியம் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் உள்ளது. ஸ்பானியர் படையெடுப்பில் அடிமைப்படுவதைக் காட்டிலும் மாய்வதே மேல் என்று மலையுச்சியிலிருந்து குதித்த பழங்குடி மக்களின் துயரத்தை அது காட்டுகிறது. அதில் மனித உருவங்கள் மிகச் சிறியவை. அவர்களைச் சூழ்ந்து விழுங்கும் பாறையும் பள்ளமும் வார்த்த வண்ணத்தால் ஆனவை. இது வெறும் விளையாட்டுக்கு உரிய முறை அன்று என்பதற்கு அந்த ஓர் ஓவியமே போதிய சான்றாகும்.

அப்பட்டறைக்கு வந்து பழகிய இளைஞர்களுள் ஜாக்சன் பொல்லாக் ஒருவர். துணியைத் தரையில் விரித்து, சுற்றி வந்து, வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் 1947 முதல் அவர் செய்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றன. 1952இல் ஹெலன் ஃபிராங்கன்தாலர் என்ற பெண்மணி, தம் 23ஆம் வயதில், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை முன்பூச்சு இல்லாத துணியில் ஊற்றி ஊறவைத்து 'மலைகளும் கடலும்' என்னும் பெரிய ஓவியத்தைச் செய்தார். மறு ஆண்டு அதனை நேரில் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் வாஷிங்டன் நகரத்து மாரிஸ் லூயிஸ். அவருக்குத் தனிப் பணிக்கூடம் இல்லை; தம் வீட்டின் சிறிய உணவறையே பணிக்கூடம். அந்த அறையைவிட நீண்ட துணிகளை மடித்தும் தொங்கவிட்டும், 1954இல் தொடங்கி, மெல்லிய திரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாற்போல வண்ணங்களை வழியவிட்டார். அரசாங்கக் குடியிருப்பில் இரண்டு அறைகளுக்குள் வாழ்க்கை நடத்தும் நம் போன்றவர்களுக்கு அவருடைய கதை ஒரு தெம்பு அளிப்பதாகும்.

லூயிஸ் கையாண்டது அக்ரிலிக் பிசினில் ஆன வண்ணம். துணியில் ஊறும் எண்ணெய் நாளடைவில் வண்ணத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் இடும். துணியையும் நலியச் செய்யும். அக்ரிலிக்குக்கு அக்குறைகள் இல்லை. 1950களின் நடுவிலிருந்து நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணங்களும் ஓவியர்களுக்கு விற்பனைக்கு வந்தன. இன்று சிறுவர்களும் வீட்டுக்குள் அமர்ந்து இக்கலையைப் பழக முடிவது அதனால்தான்.

இவ்வளவும் அயல்நாட்டுச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. இதற்கு உறவுமுறையான ஒரு கலை நம் தக்கணத்தில் தழைத்திருந்தது. பிசினோ வெந்தயமோ ஊறவைத்துக் கெட்டிப்படுத்திய நீரின்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, ஊசியால் அளைந்து, காகிதத்தை மேலே படியவைத்து எடுப்பது அது. துருக்கியில் அதனை எப்ரு என்பர். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஓவியர்கள் அம்முறையைக் கொண்டு, எலும்பும் தோலுமான குதிரைமீது அமர்ந்து செல்லும் துறவி போன்ற உருவங்களையும் ஆக்கினார்கள். அதில் வண்ணம் நீர்மேல் மிதக்கிறது; நம் கலையில் பலகைமேல் ஓடுகிறது. ஓடும் பொருளைக் கட்டுப்படுத்தும் வித்தை இரண்டுக்கும் பொது.

இனி, வார்த்த வண்ணம் ஏன் அவ்வாறு உருக்கொள்கிறது என்பதைக் காண்போம். எடை மிகுந்த திரவத்தை எடை குறைந்த திரவத்தின்மேல் ஊற்றினால், மேலுள்ளது கீழே இறங்கத் துடிக்கும். கீழுள்ளது மேலே எழத் துடிக்கும். இரண்டும் ஒருங்கே நகர வழியில்லாமையால், மேலே உள்ளது விரல் விரலாகக் கீழே இறங்க, கீழே உள்ளது அவற்றினிடையே கண் கண்ணாக மேலே வரும். ஆப்பத்தின் நடுவே தோன்றும் கண்களை நினைத்துக்கொள்ளுங்கள். தோற்றம் ஏறக்குறைய அதுவே. இந்நிகழ்ச்சியின் கணக்கை 1883இல் ராலே பிரபுவும் 1950இல் ஜி. ஐ. டெய்லரும் வகுத்தார்கள். 1054இல் வானில் வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சமாகிய நண்டு நெபுலாவில் காணும் இழைகளையும் விஞ்ஞானிகள் இதே நியதியால் விளக்குகிறார்கள். சிக்கேய்ரோஸின் முறையை மெக்சிகோவில் கலை வரலாற்று ஆராய்ச்சியாளரும் திரவவியல் அறிஞர்களும் சேர்ந்து பரிசோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பு வண்ணத்தின்மேல் அதைவிடக் கனத்த வெள்ளையை ஊற்றினால் கண்கள் எழுகின்றன. வெள்ளையின்மேல் கறுப்பை ஊற்றினால் எழுவதில்லை. ஆகவே தற்செயல் என்று பெயர் பெற்றதும் ஒரு சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது.

வெள்ளை கனப்பதற்குக் காரணம் அதிலுள்ள டைட்டேனியம் ஆக்ஸைடு. அது நீரைப் போல் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. கறுப்பில் உள்ள கரித்தூளின் அடர்த்தி இரு மடங்குக்கும் குறைவு. எந்த வண்ணம் கனத்தது என்று அறிந்தவர், எது மேலே வரும், எது கீழே போகும் என்பதை ஓரளவு முன்னரே சொல்லிவிடலாம்.

தேவைப்படும் சாமான்கள் சிலவே. முதலாவது, அக்ரிலிக் மை. வண்ணத்தூளை மிக நுண்ணிதாக அரைத்து அக்ரிலிக் பிசினில் கலந்த நீர்த்த திரவம் இது. சொட்டுக் குழாய் உள்ள சிறு புட்டிகளில் கிடைக்கும். இரண்டாவது, வார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட இடைப்பொருள். புட்டியில் பவுரிங் மீடியம் என்று எழுதியிருக்கும். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தொழில் பழக்கத்தால் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் தாயார் புட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கூழ் மாதிரி இருக்கே!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வார்ப்புக் கூழ் என்றே பெயர். ஈரமாக இருக்கையில் பால் போல் வெளுத்திருக்கும். காய்ந்தபின் கண்ணாடி போல் தெளியும். ஆகையால் ஈரத்தில் வெளிறித் தோன்றும் வண்ணம் உலர்ந்ததும் ஆழ்ந்துவிடும். மையை வெறும் நீரில் கரைத்து ஊற்றினால் வண்ணங்கள் உடனே ஒன்றாகிவிடும். பிசின் நீர்த்துப்போய்ப் படலமும் வலுவிழக்கும். கூழ்தான் வண்ணங்களுக்கு உடல் கொடுத்து, ஒன்றன் எல்லையை மற்றொன்று மதிக்கும்படி செய்கிறது.

வண்ணத்தைத் தாங்குவதற்கு வெள்ளை முன்பூச்சிட்ட மரப்பலகை நல்லது. துணி கூழின் பாரத்தால் நடுவில் தொய்ந்து குளம் கட்டும். கையுறை, காகிதக் கிண்ணங்கள், கிளறும் குச்சிகள், பலகையை உயர்த்தி நிறுத்த நான்கு டப்பாக்கள், கீழே வழிவதை ஏந்த ஒரு தட்டு ஆகியவை போதும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று இருந்தால் மிகவும் உபயோகம். பலகை இம்மியளவு சாய்ந்திருந்தாலும் இரவெல்லாம் ஓவியம் ஒரு மூலைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

30 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 மில்லிலிட்டர் கூழ் வேண்டும். அதனைக் கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டு மையை விட்டு, நுரை எழாதபடி மெதுவாகக் கிளறவேண்டும். மை குறைவாகவே சேர்வதால் கிண்ணங்களுக்குள் எடை வேற்றுமை மிகுதியாக இராது. எனவே முன்னர்ச் சொன்ன கண்கள் அவ்வளவாக எழமாட்டா. அவற்றை விரும்புவோர் கெட்டியான வெள்ளை வண்ணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். மையின் தனிச்சிறப்பு அதன் தெளிவில் உள்ளது. நீலத்தின்மேல் மஞ்சள் படர்ந்தால், இரண்டுக்கும் இடையே நாம் ஊற்றாத பச்சை ஒன்று தானே ஒளிவிடும்.

இங்கேதான் பதம் என்பது வருகிறது. நான் முதலில் கலந்த கிண்ணங்களில் நீர் மிகுந்துவிட்டது. அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், கையுறை மாட்டிய விரலை உள்ளே விட்டு எடுத்து, சொட்டு விழுவதைக் கவனித்தார். "இது ஓடிப் போயிடும்டா. இழை அறுபடாம விழணும்; விழுந்த இடம் ஒரு நொடி நின்னுட்டு அப்புறம் அமுங்கணும். அதுதான் பதம்" என்றார். அரைத்த அரிசிமாவில் துணியை நனைத்து, உள்ளங்கையில் பிழிந்து, மோதிரவிரல் வழியே இழையாக இறக்கிய ஐம்பது ஆண்டுப் பழக்கம் அது. பின்னர் நான் படித்த விளக்கங்களிலும், குச்சியிலிருந்து அறுபடாத இழையாக இறங்கி, மேற்பரப்பில் சிறு மேடிட்டு உடனே மறையவேண்டும் என்றே எழுதியிருந்தது.

பதம் வந்தபின் வார்க்கும் முறைகள் பல. எளியவை இரண்டைச் சொல்கிறேன். முதல் முறையில், முன்னதாகப் பலகை முழுதும் வண்ணமற்ற கூழை மெல்லிதாகப் பரப்பி, வண்ணக் கூழ்களைக் குளம் குளமாக, ஒன்றன் நடுவில் மற்றொன்றாக வார்ப்பது. மர அடுக்கின் வளையங்கள் போல வரும். இரண்டாவது, ஒரே கிண்ணத்தில் எல்லா வண்ணங்களையும் கிளறாமல் அடுக்கடுக்காக ஊற்றி, பலகையை அதன்மேல் வைத்துத் தலைகீழாகத் திருப்பிக் கிண்ணத்தைத் தூக்குவது. எதுவாயினும் அதன்பின் பலகையை இரு கைகளாலும் ஏந்தி, மூலை மூலையாக மெதுவாகச் சாய்த்து, வண்ணத்தை விளிம்பு வரை ஓடவிட வேண்டும். குமிழிகள் தென்பட்டால் ஊசி முனையால் உடைக்கலாம்.

நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் பலகையில் ஆசை மிகுந்து ஆறு வண்ணங்களை வார்த்தேன். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் கலந்து எல்லாம் சேற்று நிறமாயின. மூன்று வண்ணங்கள் போதும். அவற்றுள் இரண்டேனும் சுற்றத்தாராக இருப்பது நலம். இரண்டாவது பலகையை மே மாதத்துப் பிற்பகலில், மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். டில்லியின் அனல்காற்று மேற்படலத்தை விரைவில் உலர்த்த, அடியில் ஈரம் நின்றது. மறுநாள் காலையில் வறண்ட ஏரியைப் போல் படலம் வெடித்திருந்தது. அனல் அடிக்கும் நாட்களில் பலகையைப் பெட்டியால் மூடி மெதுவாக உலரவிட வேண்டும். வடநாட்டுத் தூசியிலிருந்தும் அது காக்கும். ஜனவரியில் வேறொரு தொல்லை. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாக மாட்டா. டில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற இடங்களில் உள்ளவர்கள் குளிர்கால இரவுகளில் கதகதப்பான அறையில் மட்டுமே இதனைச் செய்யலாம். பம்பாய், கல்கத்தா மழைக்காலத்தில் வெடிப்பு அரிது. ஆனால் உலர இருமடங்கு பொறுமை வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை ஓரிரு நாளில் வந்தாலும், உள்வரை உலர வாரங்கள் செல்லும்.

ஒரு கடமையையும் மறக்கலாகாது. அக்ரிலிக் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக்கே. மிஞ்சிய கூழைச் சாக்கடையில் கொட்டினால் குழாயை அடைக்கும். பின் ஆற்றையும் சேரும். தட்டில் வழிந்ததை உலரவிட்டு, தோலாக உரித்துக் குப்பையில் இடவேண்டும். கிண்ணங்களையும் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவவேண்டும்.

இனி, இது கலையா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். வண்ணங்களைத் தேர்வது நாம். பதம் வைப்பது நாம். எதை எதன்மேல் வார்ப்பது என்று முடிவு செய்வதும் நாம். நடுவில் சிறிது நேரம் திரவம் தன் இயல்புப்படி நடக்க இடம் கொடுக்கிறோம். அதன்பின் மிகக் கடினமான ஒரு செயல் நமக்கென்று எஞ்சி நிற்கிறது. அதாவது, எங்கே நிறுத்துவது என்று அறிதல். இதில்தான் நான் திரும்பத் திரும்பத் தோற்றேன். ஒரு வாக்கியத்தைப் பத்து முறை திருத்தும் கை, பலகையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்த்துக்கொண்டே இருக்கும். நல்ல வடிவம் கண்ணெதிரே தோன்றி, விளிம்பு வழியே தட்டில் வழிந்து போகும்.

நான்காவது பலகையை என் தாயாரிடம் கொடுத்தேன். "என் கை ஆடுமேடா!" என்று தயங்கினார். ஆடினால் ஆடட்டும், இதற்குக் கோடு வேண்டாமே அம்மா என்றேன். நீலமும் வெள்ளையும், சிறிது செங்காவியும் அவரே பொறுக்கினார். பதத்தை மூன்று முறை சோதித்தார். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு பலகையை ஏந்திச் சாய்த்தார். நடுக்கம் இருந்தது, கூழின் ஓட்டத்துக்கு அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை. செங்காவி ஓரங்களுக்கு ஒதுங்கி, வெள்ளை நடுவில் கிளைவிட்டு விரிந்த நேரத்தில், நான் இன்னும் சாய்க்கச் சொல்ல வாயெடுத்தேன். அவர், "போதும்" என்று பலகையைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதே சரி.

உலர்ந்த பின் அதனைச் சுவரில் மாட்ட ஆணியுடன் சென்றேன். அவர் தடுத்துவிட்டார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அது பூஜை மாடத்தின் முன்னே, தரையில், பழைய இரண்டடிச் சதுரத்தின் நடுவில் இருக்கிறது. முன்னாள் மாலையே அவர் அந்த இடத்தைத் துடைத்து வைக்கிறார்.

கோடு கிழிக்க வராது என்று இளமையில் ஓவியத்தைக் கைவிட்டவர்களும், கை ஓய்ந்துபோன பெரியவர்களும் நம் வீடுகளில் இருக்கக்கூடும். இரண்டு மைப்புட்டிகளும் ஒரு புட்டி வார்ப்புக் கூழும் வாங்கி, சிறு பலகை ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். மாவின் பதம் அறிந்தவர்கள் அவர்கள், நமக்கும் கற்றுக்கொடுப்பார்கள்.